புளூடூத் மாட்டிய புண்ணியவான்

கேழ்வரகுக் கஞ்சியைக் கட்டியில்லாமல் மசித்துக்கொண்டேதான் இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். ஓடுகிற பொருளைத் திருத்துகிறவர்கள் இவர்கள். கெட்டுப்போன பொருளை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், கட்டில் கால் ஆடிக்கொண்டே இருக்கும், காலிங் பெல் அழுத்தியவருக்கு ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக ஓடுகிற பொருள் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கை திருப்புளியைத் தேடும், "சும்மா ஒரு சின்ன வேலைதான்" என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டதா? பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சங்கரன்கோவிலில் நான் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகும் வீட்டில் இப்படி ஒருவர்: பிரேம்சிங். அவருடைய அப்பா வேதமுத்து, பக்கவாதம் கண்டவர். ரேடியோவில் காலைச் செய்தி தொடங்கினால்தான் வாயைத் திறப்பார், முடிந்தால் மூடிக்கொள்வார். அதற்குள் கஞ்சி உள்ளே போயாக வேண்டும். இன்னும் இளைத்தால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, பாதி வைத்தியம் அந்த ரேடியோ. அது நன்றாகவும் ஓடியது. பிரேம்சிங் பொறுப்பாரா?

தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் கருவி வாங்கி வந்தார். அதை ரேடியோவின் இயர்போன் துளையில் செருகினால் ரேடியோ தன் வாயை மூடிக்கொள்ளும், சத்தம் கம்பியில்லாமல் அப்பாவின் தலையில் மாட்டிய ஹெட்போனுக்குப் போகும். செருகினார். நீல விளக்கு மினுக்கியது. ரேடியோ ஊமையானது. ஹெட்போனும் ஊமை. அந்த நேரம் பார்த்து, "செய்திகள் வாசிப்பது..." என்று தெருவே அதிர்ந்தது.

வாசலில் நின்ற ஆஷிக் அலியின் ஆட்டோவில் புது புளூடூத் ஸ்பீக்கர். செய்தி அதில் போய் ஏறிக்கொண்டது.

"ஏலே, யாருல என் ரேடியோவத் தூக்கிட்டுப் போறது?" என்றார் வேதமுத்து.

"பாத்தீங்களா சிஸ்டர், கனெக்ட் ஆயிட்டு!" என்றார் பிரேம்சிங். "எடந்தான் கொஞ்சம் மாறிட்டு."

செருகியதைப் பிடுங்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க! சேந்த கனெக்‌ஷன் போயிரும்!" என்று ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெளியே ஆட்டோ உறுமியது. அது போனால் செய்தி போகும், செய்தி போனால் கஞ்சி போகும். வழக்காட நேரமில்லை. பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்ன சிஸ்டர் இது? பஸ் ஸ்டாண்டு சவாரி நிக்கி!" என்று பதறினான் ஆஷிக் அலி.

"ஏலே ஆஷிக், வண்டிய அணைல. மழைச் செய்தி வருது" என்றார் வேதமுத்து. வாயும் திறந்தார். கரண்டியை வைத்தேன்.

ஆட்டோவுக்குள்ளே உட்கார்ந்திருந்தவர் ஷம்சாத் பேகம், வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்பியவர். "பெரிய மனுசன் சாப்புடட்டும், நான் அடுத்த பஸ்ல போயிக்கிடுதேன். ஏன் ஆஷிக்கு, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையேன்" என்றவர், கஞ்சிக் கிண்ணத்தையும் தாமே வாங்கிப் பிடித்துக்கொண்டார். பால்காரர் நின்றார். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றார். ஒவ்வொரு வாய்க்கும் தாடையைத் தாழ்த்திப் பிடித்து, விழுங்கியதைப் பார்த்து, அடுத்த கரண்டி. முக்கால் கிண்ணம் இறங்கும்போது பின்னால் வந்த தண்ணி லாரி ஹாரன் அடித்தது, ஆட்டோ நகர்ந்தது, தெருமுனை தாண்டும் முன்பே செய்தி அறுந்தது. வாய் மூடிக்கொண்டது.

பிரேம்சிங் துவண்டாரா? இல்லை. "தூரந்தான் பத்தல. மொட்டைமாடியில ஒரு கம்பி நட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுக்கும்" என்றார். அவருடைய கண்ணுக்கு அப்பா தெரியவில்லை. தூரம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை, அவர் எழும்புமுன் கருவியைப் பிடுங்கி, அவர் எட்டிப் பார்க்கவே மாட்டாத இடமான அந்தச் சொட்டுகிற குழாய்க்குப் பின்னால் வைத்தேன். ரேடியோ தன் வாயாலேயே பேசியது. வேதமுத்து கிண்ணத்தைக் காலி செய்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிரேம்சிங் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்.

"எவ்வளவு க்ளியரு, பாத்தீங்களா சிஸ்டர்? நேத்து நான் ஒரு செட்டிங் மாத்துனேன்லா!"

சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் இப்போது எது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது? அதன் பக்கத்தில் ஏன் நிற்கிறீர்கள்?