கட்டுக்குள்ளே யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் விபினின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவை எடுத்துவிட்டேன். அதை மனைவி புஷ்பபாயிடம் சொல்லும் தைரியத்தைத்தான் எங்கிருந்தும் எடுக்க முடியவில்லை.

காரணம், 'கோமா ஆஸ்பத்திரி'. டாக்டர் சீரியல்களை எல்லாம் கேலி செய்கிற டிவித் தொடர். அதில் டாக்டர் ஸ்டைலாகக் கை கழுவி முடிப்பதற்குள் மொட்டைமாடித் தொட்டி காலியாகிவிடும். டாக்டருக்கும் நர்சுக்கும் காதல் முற்றி, ஆபரேஷனுக்குக் கிடக்கும் நோயாளியே எழுந்து தாலி எடுத்துக் கொடுப்பார். "இனி எல்லாம் தெய்வசகாயம்!" என்று பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் போதும், "சார், சாயா!" என்று காண்டீன்காரர் தெய்வசகாயம் உள்ளே வருவார்.

அங்கே முதல் நாளிலிருந்தே ஒரு நோயாளி, தலை முதல் கால் வரை கட்டுப் போட்டுக் கிடக்கிறார். யாரென்று டாக்டருக்கே தெரியாது. அன்று மாலை கடைசிப் பகுதி. கட்டை அவிழ்க்கப் போகிறார்கள். பிறகு போனில் பார்க்கலாமே என்பீர்கள். அதற்குள் எங்கள் பாறசாலைச் சந்தையில் மீனோடு சேர்த்து ரகசியத்தையும் பொதிந்து கொடுத்துவிடுவார்கள்.

விபின் வீடோ நெய்யாற்றின்கரையில். விருந்தும் மாலையில். போனால் ஒவ்வொரு டைல்ஸாகக் காட்டுவான்.

காலையிலேயே தலைசுற்றல் என்று கட்டிலில் விழுந்தேன்.

"எட்டீ புஷ்பம்! தல கறங்குது."

"காலு?"

"காலும் கறங்குது."

"வயறு?"

"இப்பம்தான் தொடங்குது."

நெற்றியைத் தொட்டாள். "சூடு இல்லியே?"

"உள்சூடு ஆக்கும். வெளிய தெரியாது."

"ஆஸ்பத்திரிக்குப் போவமா? ஊசி போட்டா மாறும்."

"வேண்டாம் மக்கா! கெடந்தா மாறும். நீ போயிட்டு வா."

"உங்கள இந்தக் கோலத்துல விட்டுட்டா? நானும் போகல்ல."

கண்ணைத் துடைத்தாள். நான் உருகிப்போனேன்.

மதியம் மீன் பொரிக்கும் மணம் வந்தது. எனக்குக் கஞ்சி வந்தது. தீனக்காரனுக்கு, அதாவது நோயாளிக்கு, மீன் ஆகாதாம். உப்பும் ஆகாதாம்.

மாலையானது. "அந்த டிவியைப் போடு. சும்மா சத்தம் கேட்டுட்டுக் கெடக்கேன்."

"தல கறங்குத ஆளுக்கு டிவியா? இன்னும் கறங்கும்." ரிமோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டு ஜோஸ்னாட்ட கொஞ்சம் ஓமம் வாங்கிட்டு வாறேன். எழும்பப்பிடாது."

ஓமம் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து 'கோமா ஆஸ்பத்திரி'யின் பாட்டுத்தான் வந்தது. அடுத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு குடும்பம் நடத்துகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஜன்னல் வழியே பார்த்தால், முன் நாற்காலியில் புஷ்பபாய். மடியில் நேந்திரங்காய் சிப்ஸ், எங்கள் ஊர் உப்பேரி. திரையில் பெரிய டாக்டர் கடைசிச் சுற்றை அவிழ்க்கிறார். எட்டி எம்பினேன். சரியாக அந்த நேரம் ஜோஸ்னா எழுந்து நின்று கைதட்டினாள். திரை முழுக்க ஜோஸ்னாவின் முதுகு!

"யாரு? உள்ள யாரு?" கத்திவிட்டேன்.

"அய்யோ, சுவாமிதாஸ் மாமாவா! தலகறக்கம் மாறியாச்சா?" என்றாள் ஜோஸ்னா.

புஷ்பபாய் திரும்பவே இல்லை. "உள்ள ஆளே இல்ல. வெறும் தலகாணி. ஒரு தீனமும் இல்லாம இத்தன நாளு சும்மா கெடந்திருக்கு."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருந்தாலும் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணு தெரிஞ்சிருந்தா நீ ஏன் போகல்ல? விபின் வழி பாத்துட்டு நிப்பானே?"

"எதுக்கு நிக்கான்?" உப்பேரியை நொறுக்கென்று கடித்தாள். "உங்களுக்குத் தல கறங்குது, வர முடியாதுண்ணு நேத்தே போன் பண்ணிச் சொல்லியாச்சு."