பனித்தரையில் ஒரு திருஷ்டிப் பூசணி

அபுதாபியில் ஒரு ஐஸ் ஹாக்கி மைதானத்தின் தரையைப் பல வருடமாக உறைய வைத்துக்கொண்டிருப்பவன் நான். ஆனால் அந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே ஆட்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்து மாறிக்கொள்கிறார்கள். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, இருவரையும் கூண்டில் உட்கார வைக்கிறார். (எங்கள் அருப்புக்கோட்டைக் கபடியில்கூட இதைவிட ஒழுங்கு உண்டு.) தரையைக் குளிர வைக்கும் சில்லர் மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் என் டூட்டி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக இருப்பேன். வீடியோ காலில் என்னைப் பார்த்தால் மாமனார், "மாப்ள, உண்மையில எந்த நாட்டுல இருக்கீங்க?" என்பார்.

அந்த வருடம் எங்கள் டீமுக்குக் கோச்சாக யுஹா என்ற பின்லாந்துக்காரர் வந்தார். சம்பளத்துக்கு ஹாக்கி ஆடியே பாதி ஆயுளைக் கழித்தவர். அதில் முன்பற்கள் இரண்டும் ஒரு முழங்காலும் போய்விட்டதால் கோச்சானவர். வந்ததிலிருந்து டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. சில்லர் ரூமுக்கு வந்து என்னோடு டீ குடிக்கிற ஒரே பெரிய மனுஷர் அவர்தான். அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஒருநாள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "ஆடுகிற காலத்தில் கோபம் வந்தால் யாரையாவது போய் இடிப்பேன். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "வெள்ளிக்கிழமையும் தோற்றால் கலாஸ். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்."

ஊரில் இருந்த என் மனைவி செல்வியிடம் இதைப் போனில் சொன்னேன். அவளுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

"ஐஸ் தேய்க்கிற வண்டி புதுசா வந்திருக்குன்னீங்களே, பூசை போட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி வெளங்கும்?"

(வண்டி வருவதற்கு முன்னாலும் டீம் தோற்றுக்கொண்டுதான் இருந்தது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.)

அந்த வண்டி ஒரு சின்ன லாரி அளவு இருக்கும். இடைவேளையில் வந்து பனித்தரையைச் சுரண்டி, வெந்நீர் விட்டு, பின்னால் தொங்கும் துணியால் மெழுகிக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைப் பூசணிக்காயைத் துளை போட்டுக் குங்குமம் அடைத்துத் தயாராக வைத்திருந்தேன். கற்பூரம் ஏற்றினால் ஃபயர் அலாரம் அடிக்கும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவு விவரமானவன் நான்.

கடைசி இடைவேளை வந்தது. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். யுஹா கையைக் கட்டியபடி தரையைப் பார்த்து நின்றார். வண்டி ஓட்டும் பெஷாவர்க்காரர் ரஹீம் பாய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். முன்னால் போய் நின்று பூசணிக்காயைச் சுற்றினேன்.

"யே க்யா ஹை, பாய்?"

"நல்லதுக்குத்தான் பாய். ஏக் மினிட்."

"யல்லா, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார்.

பனித்தரைக்குள் போகும் வாசலில் ஓங்கி உடைத்தேன். வண்டி அதன்மேல் ஏறிப் பனித்தரைக்குள் போனது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பார்த்தபோது, வெள்ளைத் தரையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்புப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் குங்குமத்தை அள்ளிக்கொண்டு போக, பின்னால் வந்த துணி அதை அழகாக மெழுகியிருந்தது. அதற்குள் எல்லாம் உறைந்தும் போனது. (தரையை அவ்வளவு சீக்கிரம் உறைய வைத்ததும் நான்தான்.)

எதிர் டீம் கோல்கீப்பர் அதை ரத்தம் என்று கத்தினான். யாருக்கு அடிபட்டது என்று நடுவர் ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொன்னார். யுஹா வாயைத் திறந்ததும் முன்பல் இரண்டு இல்லாததைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அந்தப் பற்கள் போய்ப் பல வருடம் ஆகிறது என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. எங்கள் பையன் அடித்த கறுப்பு வட்டு, உறைந்துபோன பூசணி விதை ஒன்றில் பட்டு எகிறிக் கோலுக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கோலுக்குள்ளும் அப்படியே ஒன்று விழுந்தது. இரண்டு கோச்சுகளும் நடுவரிடம் போனார்கள். நடுவர் குனிந்து தரையிலிருந்து ஒரு விதையைச் சுரண்டி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருடைய சட்டப் புத்தகத்தில் பூசணிக்காய் இல்லை. இந்த ஆட்டமே நடக்கவில்லை என்று அறிவித்துவிட்டார்.

மறுநாள் மேனேஜர் எனக்கு வார்னிங் கொடுத்தார். நான் போய் யுஹாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"தோற்றால் அனுப்புவோம் என்றார்கள். நடக்காத ஆட்டத்தில் நான் எப்படித் தோற்பது? வேறு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்" என்றவர், "அந்தக் காய்க்கு என்ன பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு நாள் நடந்த ஆட்டத்தில் யுஹா ஜெயித்தார். இன்றும் அவர்தான் கோச். செல்வியும் மகளும் இப்போது என்னோடு இங்கேயே வந்துவிட்டார்கள்; மகள் அவரிடம்தான் ஆடக் கற்கிறாள். பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் அவர் சில்லர் ரூமை எட்டிப் பார்த்து, ரகசியமாக, "பூசணி?" என்பார். நான் வாசலைக் காட்டுவேன். அங்கே ஒரு பலகை தொங்குகிறது: பனித்தரைக்குள் காய்கறிகள் கொண்டுவரக் கூடாது. அரபியில், ஆங்கிலத்தில், கடைசியாகத் தமிழில். இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியன் நான் ஒருவன்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் செல்வி முதலில் அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தித்தான் போட்டோ எடுக்கிறாள், "உங்க அண்ணனுக்காக அரசாங்க மரியாதையோட எழுதி வச்சிருக்காங்க" என்று சொல்லி.