எந்தச் சூடு நிஜம்

மடிக்கணினியின் மூளை ஐம்பத்திரண்டு டிகிரி என்றது ஒரு மென்பொருள். எழுபத்தொன்று என்றது இன்னொன்று. இரண்டையும் மாறிமாறிப் பார்த்ததில் சிசேங்கா தட்டிலிருந்த ன்ஷீமா என்கிற சோளக் களியை மறந்தே போனார்.

கப்வே நகரில் அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கும். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேசும் ஒரே ஜீவன் கணினிதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தொலைவில் வால்விஸ் பே என்கிற கடலோர நகரில் இருக்கும் மகள் கசுபாவின் முகத்தோடு. போன இரண்டு வாரமும், பெட்டி சுடுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்று கேட்க முடியவில்லை. எல்லாம் இந்தச் சூடு செய்கிற வேலை என்று முடிவு கட்டினார்.

சந்தையில் கணினி பழுதுபார்க்கும் நமுகோலோவைக் கூப்பிட்டார்.

"எதும்மா நிஜம்?"

"ரெண்டும்தான் பெரியப்பா. ஒண்ணு அடுப்பைத் தொட்டுப் பார்க்குது, ஒண்ணு சமையலறையில நின்னு பார்க்குது."

"அப்போ மூணாவதா ஒண்ணு போடு. தீர்ப்பு சொல்ல ஆள் வேணும்ல."

மூன்றாவது எண்பத்தெட்டு என்றது.

அவள் போனதும் படுக்கையறை மின்விசிறியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். அது ஊர்ப் புழுதியையெல்லாம் உள்ளே ஊதிவிட, பெட்டிக்குள் இருந்த குட்டி விசிறி அலற ஆரம்பித்தது. துணியை நனைத்துச் சுற்றினார். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்தன.

நமுகோலோ மறுபடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இதென்ன ஜுரம் வந்த பிள்ளையா, ஈரத்துணி போட? மொதல்ல அந்த மூணையும் மூடுங்க. அதுங்க ஓடறதே பாதிச் சூடு."

"மூடிட்டா எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்?"

அவள் பெட்டியைத் திறந்தாள். துடைத்து, காயவைத்து, சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள்.

"சாப்பிட்டுப் போயேன். மீன் நிறைய இருக்கு."

"கடை கிடக்கு பெரியப்பா."

மீன் நிறையத்தான் இருந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை. வாசல் வரை போய், அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றிருந்தார்.

ஞாயிறு வந்தது. திரையில் கசுபா, கழுத்துவரை கம்பளியோடு.

"அப்பா..." குரல் கம்மியிருந்தது.

"இரு, மொதல்ல சூட்டைச் சொல்லிடறேன். ஒண்ணு அறுபது, ஒண்ணு எழுபத்தஞ்சு."

"அப்பா, நான்..."

"மூணாவதுதான் தொண்ணூறைத் தொடுது. உனக்கென்ன, கடல்காத்துல சொகமா போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கே. இங்க பாவம், இது கொதிக்குது."

கசுபாவின் முகம் மறைந்தது. மூன்று எண்கள் மட்டும் திரையில் நின்றன. சிசேங்கா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கும் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது.

கைபேசி அடித்தது. மருமகன் கபாசோ. மாமனாரிடம் நேரடியாகப் பேசவே மருமகன்கள் கூசும் ஊரில், கல்யாணத்துக்குப் பிறகு அவன் பேசுவது இதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, சூடு தாங்காம லைன் அறுந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க."

கபாசோ குரலைத் தாழ்த்தினான்.

"லைன் அறுந்துபோகல மாமா, அவதான் வெச்சுட்டா. மூணு வாரமா அவளுக்குக் காய்ச்சல்."