வாஷிங் மெஷினின் விலாசம்

'இந்த ஐ.பி. முகவரி ஏற்கெனவே வேறொரு கருவியிடம் இருக்கிறது' என்று கணினி நான்காவது முறையாகச் சொன்னபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை பதினொன்றுக்குள் வேலையில் சேர்ந்தாக வேண்டும். பஸ், ரயில் எதுவும் பிடிக்க வேண்டாம். கூடத்தின் மூலையில் போட்டிருந்த மடக்கு மேசைதான் அலுவலகம். ஆனாலும் போய்ச் சேர முடியவில்லை.

எட்டு மாதமாக வேலையில்லாமல் மாமனார் வீட்டில் இருந்தார் அவர். முதல் மாதம் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்" என்று அழைத்த மாமனார், மூன்றாம் மாதம் 'வாங்க'வை விட்டார். ஆறாம் மாதம் 'சாப்பிடலாம்' போனது. இப்போது வெறும் "மாப்பிள்ளை" மட்டும் பாக்கி. அதுவும் கேள்விக்குறியோடு வந்தது.

"மாப்பிள்ளை?"

"சின்ன சிக்கல்தான் மாமா. வீட்டுல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் இருக்கு. நாப்பத்தஞ்சாம் நம்பர்ல என் கம்ப்யூட்டர் இருந்தாத்தான் ஆபீஸ் கதவு திறக்கும். வேற எதுவோ அதுல உக்காந்திருக்கு."

"என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"போன்ல பேசற வேலை மாமா."

"அதைத்தானே எட்டு மாசமா சும்மா செஞ்சீங்க? எந்தக் கம்பெனிக்கு?"

"பதினோரு கம்பெனிக்கு ஆள் வைக்கிறாங்க. உள்ளே நுழைஞ்சாத்தான் எதுன்னு சொல்லுவாங்க."

அலுவலகக் கடிதம் தெளிவாக இருந்தது. பணி நேரம் ஒன்பது மணி. முதல் நாள் என்பதால் பதினொன்று வரை சலுகை. அதற்குள் வராதவரின் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மாமனார் முப்பத்தொரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "எந்த மெஷினா இருந்தாலும் ஒருதரம் அணைச்சுப் போட்டா வழிக்கு வந்துடும்" என்பது அவர் கொள்கை. லிப்டுக்குள் நின்றுகொண்டிருந்தவர்களின் கருத்தை அவர் கேட்டதில்லை.

டி.வி.யை அணைத்தார். பிரிண்டரை அணைத்தார். மோடத்தையும் அணைத்தார்.

படுக்கையறைக் கதவு திறந்தது. உள்ளே இணையம் வழியாகப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, இருபத்திரண்டு பசங்களும் வாயைத் திறந்தபடியே உறைஞ்சு நிக்கறாங்க! என்ன செஞ்சீங்க?"

"உங்கள் சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது" என்றார் மாப்பிள்ளை, புன்னகையோடு. மூன்று வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது.

"பல்லைக் காட்டினீங்கன்னா தெரியும்!"

மோடம் உயிர் பெற்றது. அதன் அடியில் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண் ஒன்று ஒட்டியிருந்ததை மாமனார் பார்த்தார். தன் போனிலேயே கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது ஒரு பெண் குரல். 'சேவையை மேம்படுத்த, நீங்கள் காத்திருக்கும் நேரமும் பதிவு செய்யப்படுகிறது. வரிசையில் நீங்கள் முதல் நபர்.'

"பாத்தீங்களா! நாமதான் முதல்!" மாமனாருக்கு ஒரே பெருமை.

மணி ஒன்பது பத்து.

ஒன்பதரைக்கும் முதல் நபர்தான். அதற்குள் மாப்பிள்ளை குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். துணி துவைத்து முடித்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் என்று சொல்லி மாமனார் ஆசையாக வாங்கிய வாஷிங் மெஷின்தான் நாற்பத்தைந்தில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, அதோட நம்பரை எனக்குக் குடுத்திடலாம்."

"அது உங்களுக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தது. தினமும் வேலையும் செய்யுது."

மாப்பிள்ளை அதன் பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் பாதித் துவையலில் நின்றது. கதவைப் பூட்டிக்கொண்டும் நின்றது. வேலைக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டை உள்ளே இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேமராவில் சட்டையோடு உட்கார வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. மற்ற சட்டைகளும் அதற்குத் துணையாக உள்ளேதான் இருந்தன. அவர் பனியனோடு நின்றார்.

மறுபடி பிளக்கைச் சொருகினார். அரை விநாடியில் எழுந்த மெஷின் நாற்பத்தைந்தைப் பிடித்துக்கொண்டது. கதவை மட்டும் திறக்கவில்லை.

"அடியில ஒரு மூடி இருக்கு. திருகினா தண்ணி வடிஞ்சு கதவு தானா திறந்துக்கும்" என்றார் மாமனார். திருகியும் விட்டார்.

தண்ணீர் வடிந்தது. கூடம் வரை வடிந்தது. கதவு அசையவில்லை.

'வரிசையில் நீங்கள் முதல் நபர்.'

"எட்டு மாசத்துல நான் முதலா வந்தது இதுல மட்டும்தான் மாமா" என்று தரையைத் துடைத்தபடி சொன்னார் மாப்பிள்ளை.

பத்தேகாலுக்கு மாமனார் ஒரு முடிவுக்கு வந்தார். மோடத்தின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. "இப்படித் துளை வச்சிருக்கான்னா குத்தறதுக்குத்தான் வச்சிருக்கான்" என்று மகளின் சேஃப்டி பின்னை எடுத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தினார். மோடம் தன் பெயர், கடவுச்சொல், கடந்த காலம் எல்லாவற்றையும் மறந்தது. நாற்பத்தைந்தை மட்டுமல்ல, வீட்டில் எந்த எண்ணையும் எதற்கும் தர மறுத்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது.

"உங்கள் சிரமம்..."

"வாயைத் திறந்தீங்க, நடக்கறதே வேற!" ஈரத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்று, போனில் ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவையும் அழைத்து மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனாள்.

மாமனாரின் பொறுமை போனது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணரை மணி நேரமா எடுக்காம உள்ளே என்னய்யா பண்றான் அவன்? தூங்கறானா? இப்படிப்பட்ட சோம்பேறிக்கும் ஒருத்தன் பொண்ணு குடுத்திருப்பான் பாருங்க! அந்த மாமனாரைத்தான் சொல்லணும். மூளைன்னு ஒண்ணு இருந்திருந்தா குடுத்திருப்பானா? வடிகட்டின முட்டாள்!"

"விடுங்க மாமா. அவருக்கு என்ன கஷ்டமோ."

"என்ன கஷ்டம்? நீங்க எவ்வளவோ தேவலை. உங்களைப்பத்தி நான் என்னென்னவோ நினைச்சிருக்கேன். இவனோட வச்சுப் பாத்தா நீங்க தங்கம் மாப்பிள்ளை!"

பல மாதங்களுக்குப் பிறகு கேள்விக்குறி இல்லாமல் வந்த 'மாப்பிள்ளை'. அவருக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையிலிருந்த துணி ஏற்கெனவே ஈரம்.

மாமனார் அதோடு நிறுத்தவில்லை. முகம் தெரியாத அந்த மாமனாரை இன்னும் இருபது நிமிடம் விதவிதமாகத் திட்டினார்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளையின் போன் அடித்தது. அலுவலகச் சூப்பர்வைசர். கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் பொத்தானை அழுத்தினார். குரல் கூடமெங்கும் கேட்டது.

"மேடம், பத்து நிமிஷம் குடுங்க. ஹெல்ப்லைன்ல முதல் ஆளா நிக்கறேன், இப்ப எடுத்துடுவாங்க..."

"அதெல்லாம் அப்புறம் சார், முதல்ல உள்ளே வாங்க! உங்களுக்கு இன்டர்நெட் கம்பெனி ஹெல்ப்லைனை ஒதுக்கியிருக்கோம், புது லைன், நீங்க ஒரே ஆள்தான். ஒன்பது பத்துலேர்ந்து ஒரே ஒரு கஸ்டமர் உங்களுக்காகக் காத்திருக்காரு, அவரைச் சமாளிச்சீங்கன்னா வேலை உறுதி. ஆனா அவர் கூட இருக்கற பெரியவர்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா பேசுங்க, இருபது நிமிஷமா உங்க மாமனாரை வடிகட்டின முட்டாள்னு திட்டிக்கிட்டே இருக்காரு!"