லயத்துக்கு வந்த மின்காந்தத் துப்பாக்கி

விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் பெண் பார்க்கப் போகும்போது வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. நான் வாயோடு சேர்த்து ஒரு துப்பாக்கியையும் கொண்டு போனேன்.

பதுளையில் ஃபோன் கடையில் வேலை செய்துகொண்டே ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழுக்குக் கதை எழுதிய காலம் அது. என் கதைகளில் வெடிமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவன் கட்டாயம் வில்லன். நாயகன் கையில், கரண்டில் குண்டை இழுத்து எறியும் மின்காந்தத் துப்பாக்கிதான். (புகை இல்லை, சத்தம் இல்லை, வாசகர்களும் இல்லை.) கதை எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று ஏற்கெனவே பலர் கைவிரித்திருந்தார்கள். லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தர்ஷினி மட்டும், என் கதைகளைப் படித்த பிறகும் வரச் சொல்லியிருந்தாள். இவளும் வேண்டாம் என்றால் எனக்குக் கல்யாணமே இல்லை என்று உண்மையாகவே பயந்தேன். அவளை அசத்துவதற்காக, பிளாஸ்டிக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றி, வயரும் பிளக்கும் பூட்டி, அம்மாவுக்குத் தெரியாமல் பழப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தர்ஷினி வீட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்ததும் தேத்தண்ணி வந்தது. தர்ஷினியின் அப்பா, "தம்பி என்ன மாதிரி கதை எழுதுறீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். சந்திரனில் காற்று இல்லை, அங்கே சாதாரணத் துப்பாக்கி வெடிக்காது என்றும் அடித்துவிட்டேன்.

"வெடிக்குங்க," என்றாள் தர்ஷினி. "எரியிறதுக்கு வேண்டியது மருந்துக்குள்ளயே இருக்கு."

அம்மா என் காலை மிதித்தார். நான் அடங்கியிருக்கலாம். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குழாயை வெளியே எடுத்து, உள்ளே ஓர் ஆணியைப் போட்டு, சத்தமே வராது பாருங்கள் என்று பிளக்கைச் செருகினேன்.

சத்தம் வரவில்லை. ஆணியும் வரவில்லை. கரண்ட் போய்விட்டது. அந்த லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே இணைப்பு என்பது எனக்குத் தெரியாது. எங்கள் விருந்துச் சோறு அக்கம்பக்கத்து ரைஸ் குக்கர்களில் பாதி வெந்திருந்தது. டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவனை லயமே நின்று பார்த்தது.

தர்ஷினி ஆணியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "தோட்டா தனக்கு வேண்டிய சக்தியக் கையோட கொண்டு வருதுங்க. உங்க துப்பாக்கிதான் லயத்துல வந்து கரண்ட் கேக்குது."

அரைவேக்காட்டுச் சோற்றை மென்றுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பஸ் ஏறினேன். அடுத்த வாரமே சம்மதம் என்று செய்தி வந்தது. (இந்த ஆளைத் தனியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்றுதான் ஒப்புக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.)

இன்றைக்கும் லுணுகலையில் கரண்ட் போனால், மாமியார் முதலில் பதுளைக்குத்தான் ஃபோன் போடுகிறார்.

"மாப்பிள்ள, நீங்க அங்க சும்மாத்தானே இருக்கீங்க?"