துக்கப் பெஞ்சில் மாப்பிள்ளை

சூரினாம் நாட்டுப் பாரமரிபோவில் எங்கள் யூத ஜெப ஆலயத்துக்கு மணல்தான் தரை. அதில் எல்லாப் பெஞ்சுகளும் ஒரே உயரம். கடைசிப் பெஞ்சு மட்டும் நான்கு விரற்கடை தாழ்வு. வீட்டில் சாவு நடந்தவர்கள் உட்காருவதற்கான துக்கப் பெஞ்சு அது. யூத முதலாளிகளுக்கும் அவர்கள் தோட்டத்து ஆப்பிரிக்க அடிமைப் பெண்களுக்கும் பிறந்த வழியில் வந்த எங்களையும் அதிலேயே உட்காரச் சொல்லி நிர்வாக சபை தீர்மானம் போட்டிருந்தது. யாரும் சாகும்வரை காத்திராமல் ஆண்டு முழுவதும் துக்கம் காக்க எங்களுக்குக் கிடைத்த சலுகை. குறை சொல்லக்கூடாது.

என் மகன் அசரியா தச்சன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தை ஒட்டி வரும் சனிக்கிழமை ஓய்வுநாள் ஜெபத்தில் மாப்பிள்ளை துக்கப் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் விளங்குமா? அன்று ஒருநாள் மட்டும் நல்ல பெஞ்சில் ஒரு மூலை கேட்டு, சபைக் காரியதரிசி தா பீனா ஐயாவிடம் போனேன்.

"கிராசியா, உன் மகன் உட்கார்ந்தா அது துக்கப் பெஞ்சே இல்ல. வெறும் தாழ்ந்த பெஞ்சு."

"பின்ன எப்ப அது துக்கப் பெஞ்சு ஆகுதுங்கய்யா?"

"நாங்க உட்காரும்போது."

"ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா?"

பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு நிலைமை வராது."

வந்தது. அந்த வாரமே சபைப் பொருளாளரின் தகப்பனார் காலமானார். ஓய்வுநாளன்று பொருளாளர் என் மகனோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். மறுநாள் சபை அவசரமாகக் கூடியது. கலப்பினத்தார் சமமாக அமர்வது துக்கத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. எங்களுக்குத் தனிப் பெஞ்சு, இன்னும் நான்கு விரற்கடை தாழ்வாக. செய்து தரவேண்டியவன், தச்சன் அசரியா.

அடுத்த ஓய்வுநாள் முடிந்ததும் பொருளாளர் காரியதரிசியிடம் போய் நின்றார். "துக்கக்காரன்தானய்யா எல்லாருக்கும் கீழ உட்காரணும்? இவங்க எனக்குக் கீழ உட்கார்ந்திருக்காங்க. எங்கப்பாவுக்கு என்னைவிட இவங்க அதிகமா துக்கப்படுற மாதிரி இருக்கே!"

நியாயம்தான். அவர் பெஞ்சின் காலை அறுக்க உத்தரவு வந்தது. அறுத்ததும் நாங்கள் பொருளாளருக்கு மேலே வந்துவிட்டோம். அது அதைவிடப் பெரிய குற்றம். எங்கள் பெஞ்சும் அறுபட்டது. இப்படி மாறி மாறி அறுத்ததில் இரண்டு பெஞ்சுக்கும் காலே இல்லாமல் போயிற்று.

"இதுக்கு மேல அறுக்க ஒண்ணும் இல்லீங்க" என்றான் அசரியா.

"மணல் இருக்குல்ல, தோண்டு" என்றார் காரியதரிசி.

ஆற்றங்கரை ஊர். முழங்கை ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஓய்வுநாளில் பொருளாளரும் என் மகனும் இடுப்பளவு ஈரத்தில் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். சபைப் பதிவேட்டில், "ஆற்று வெள்ளம், சபைத் தீர்மானங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதப்பட்டது.

கல்யாண ஓய்வுநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான். 'ஆண்டவரே, என் பிள்ளை நனைந்த துணியோடு மாப்பிள்ளையாக வேண்டாம்' என்று அழுதேன். ஆண்டவர் கேட்டார். எங்கள் ஆட்கள் ஒன்றுகூடி, எங்களுக்கென்று தனியாக ஒரு ஜெப வீடு பிடித்தார்கள். அசரியா ராப்பகலாகப் பத்துப் பெஞ்சு அடித்தான். ஒவ்வொன்றையும் விரல் வைத்து அளந்து பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான பெஞ்சுகளைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு வந்தது. முன் பெஞ்சில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா சிமோன் உட்காரலாம் என்றார்கள். அவரும் எங்களைப் போலக் கலப்பில் பிறந்தவர்தான். எல்லோருக்கும் சம்மதம். அப்போது ஒரு குரல் மெதுவாக எழுந்தது:

"சம்பந்தி தங்கமான மனுஷர்தான். ஆனா அவருக்கு அடிமை விடுதலைப் பத்திரம் கிடைச்சதே போன வருஷம். எங்கம்மா காலத்துலயே விடுதலையான குடும்பத்தோட ஒரே மட்டத்துல உட்கார அவருக்கே கூச்சமா இருக்காதா?"

சுற்றிலும் தலைகள் ஆடின. அந்தக் குரல் என்னுடையதுதான்.

அசரியா குனிந்து ரம்பத்தை எடுத்தான்.

"எத்தனை விரற்கடைம்மா?"