பிளேன்டீ பாஸும் என் காரின் உதறலும்

பதுளைப் பக்கம் ஒரு காரை அதன் சொந்தக்காரனைவிடக் கேவலமாகத் திட்டக்கூடிய ஒரே மனிதர் பிளேன்டீ பாஸ்தான். ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கிறார்; மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்போம். கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் ஒன்றும் அவரிடம் உண்டு. அதன்மேல் சீனிப் போத்தல் இருக்கும்.

பழைய கார் வாங்குவதற்கு முன் நான் புத்தகம் புத்தகமாகப் படித்தேன். காருக்கு அது தெரியவில்லை. சிக்னலில் நின்றால் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல உதறியது, ஏற்றத்தில் திக்கியது. ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்த போய், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர வேண்டும். மலைப்பாதை வளைவில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். காரை நேரே பாஸின் கராஜுக்கு விட்டேன்.

பாஸ் பொனட்டைத் திறந்தார். முந்தி ஓட்டியவன் கோபக்காரன் என்று தீர்ப்புச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்மேல் பாலில்லாத பிளேன்டீ ஒரு கிளாஸைத் தளும்பத் தளும்ப வைத்துவிட்டு, குறடு எடுக்கப் போனார். வைத்த தேநீரைக் குடிக்காவிட்டால் நம் ஊரில் மனஸ்தாபம். குடித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் வெறும் கிளாஸையே பார்த்தார்.

"சேர், டெஸ்ட்ட குடிச்சிட்டீங்களே."

பிறகுதான் விளக்கம் வந்தது. சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில்களின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தேநீர் கூடுதலாக ஆடினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. ஆட்டம் மாறாவிட்டால் கள்ளன் அங்கேதான். அடுத்த கிளாஸில் சீனி போடவில்லை, நான் தொடக்கூடாதாம்.

மூன்றாவது வயரைக் கழற்றினார். தேநீரின் ஆட்டத்தில் மாற்றமே இல்லை.

"இந்தா இருக்காரு. வேல செய்யாம சும்மா உக்காந்திருக்காரு."

கொயிலை மாற்றியதும் உதறல் நின்றது.

ஞாயிறு காலை, அழைக்காமலே பாஸ் எங்கள் வாசலில் கருவிப் பையோடு நின்றார். "நான் செஞ்ச வேலய நானே நம்ப மாட்டேன் சேர்" என்று முன் சீட்டில் ஏறினார். மனைவி பின்சீட்டுக்குப் போனாள். கொஸ்லந்த வரை கிளட்ச், பேரிங், என் டிரைவிங் என்று புதுப்புது நோய்களாகக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது மகள் பின்சீட்டில் தாயின் மடியில் தூங்கிவிட்டாள். கார் ஒரு முறைகூடத் திக்கவில்லை. முதல் வளைவில் ஹோர்னுக்குப் போன என் கையைப் பாஸ் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க. புள்ள தூங்குது."

அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் காரை மெல்ல ஊரவிடச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை தொங்கிக்கொண்டு, எதிரே வருபவர்களுக்குக் கை காட்டினார். ஒரு பஸ் டிரைவர் நிறுத்தி அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான். ஊரையே திட்டுகிற எங்கள் பாஸ், உதட்டில் விரலை வைத்து, மெதுவாகப் பேசும்படி அவனைக் கெஞ்சினார்.